பேச்சுக்கு நாற்பது பேர், பட்டறைக்கு ஆறு பேர்: குயில்ட் குழுவுக்கு விருந்தினரை அழைப்பது எப்படி?

நூல்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சடுக்கு வைத்துத் தைக்கும் விரிப்புதான் குயில்ட்; அதைத் தைக்கும் எங்கள் குழுவில் ஏறத்தாழ 60 உறுப்பினர்கள் இருக்கிறோம். மாதம் ஒரு முறை கூடி, அவரவர் தைத்து முடித்த விரிப்புகளைக் காட்டிக்கொள்கிறோம். மிச்சத் துணிகளைப் பரிமாறிக்கொள்கிறோம். ஆண்டில் நான்கைந்து முறை வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் செய்கிறோம். அப்படி அழைக்கும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. விரும்பி ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல இயலாது. பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, அவ்வளவுதான்.

என் சிக்கல் இது. சென்ற முறை அழைத்தவர் ஃப்ரீ மோஷன் தையலில், அதாவது துணியை நகர்த்தும் எந்திரப் பற்களை இறக்கிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்தி நினைத்த கோலத்தைத் தைப்பதில், நல்ல தேர்ச்சி உடையவர். மாலையில் அவர் தம் விரிப்புகளைக் கொண்டுவந்து பேசியபோது நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்; இருக்கைகள் போதவில்லை. மறுநாள் முழுநாள் பட்டறைக்குப் பதிவு செய்தவர்களோ ஆறு பேர். குறைந்தது 12 பேராவது வருவார்கள் என்ற கணக்கில் அவருக்கு ஒப்புக்கொண்ட தொகையில் பாதியைக் குழுவின் நிதியிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. வந்த ஆறு பேரிலும் இருவருடைய எந்திரங்களில் பற்களை இறக்கும் வசதியே இல்லை. ஒருவர் துணியை அழுத்திப் பிடிக்கும் எந்திரப் பாதத்தை மாற்றத் தெரியாமல் மதியம் வரை காத்திருந்தார். இப்போது எங்கள் பொருளாளர், இனிப் பேச்சு மட்டும் போதும், பட்டறையே வேண்டாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவருக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் காரணமும் இல்லை.

பேசுபவரையே பட்டறைக்கும் வைத்துக்கொள்வது சரியா, பட்டறைக்கான பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது, செலவை யார் ஏற்பது, வருபவரிடம் எதையெல்லாம் எழுத்தில் பெற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கால் அங்குலம் எழுதியது:

வணக்கம் அம்மா. எங்கள் குழுவில் இந்தப் பொறுப்பை ஏழு ஆண்டுகள் சுமந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குழுவில் இருந்த ஆண்கள் இருவரில் நான் ஒருவன். மேசை தூக்க ஆள் வேண்டும் என்றுதான் முதலில் என்னைச் சேர்த்தார்கள்.

பேச்சுக்கு வந்த கூட்டத்தைக் கொண்டு பட்டறைக்கு வரும் கூட்டத்தை மதிப்பிட்டதுதான் நடந்த தவறு என்று எண்ணுகிறேன். பேச்சைக் கேட்க ஒரு மாலை போதும். பட்டறைக்கு வருபவர் ஒரு முழுநாளை ஒதுக்கி, எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, துணி வெட்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கும் மேலாக, தமக்குத் தெரியாததைப் பிறர் முன்னிலையில் தடுமாறிச் செய்து காட்டும் துணிவும் வேண்டும். இந்தக் கடைசித் தடையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நேரமில்லை என்றுதான் சொல்வார்கள். அதிலும் ஃப்ரீ மோஷன் என்பது ஒரே நாளில் கைக்கு வரும் வேலையன்று. எந்திரத்தின் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போக வாரக்கணக்கில் பயிற்சி தேவை. முதல் நாளில் எல்லோருடைய தையலும் கோணலாகத்தான் இருக்கும். முந்தைய மாலையில் ஆசிரியரின் விரிப்புகளைப் பார்த்து வியந்தவர்களே, அந்த வியப்பின் காரணமாகவே, மறுநாள் வராமல் இருந்திருக்கலாம்.

ஆகவே, பேச்சுக்கு ஒருவரையும் பட்டறைக்கு வேறொருவரையும் அழைப்பதில் தவறே இல்லை. ஒருவரே இரண்டையும் செய்தால் பயணச் செலவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் நன்றாகப் பேசுபவர் நன்றாகக் கற்பிப்பவராகவும் இருப்பது அரிது. இரண்டும் வெவ்வேறு திறமைகள். ஓர் ஆசிரியரிடம் பட்டறையில் கற்றவர்கள் இருவரையாவது விசாரிக்காமல் நான் அவரை அழைப்பதில்லை. விசாரிக்கும்போது, பட்டறை நன்றாக இருந்ததா என்று கேட்க மாட்டேன்; எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். அன்று தொடங்கியதைப் பின்பு முடித்தீர்களா என்று கேட்பேன்.

பொருளைத் தேர்ந்தெடுக்க வினாப்படிவம் கொடுக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை கொடுத்தோம். அதில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்; பதிவு தொடங்கியதும் அவர்களைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, பட்டறையில் செய்யப்போகும் பொருளின் மாதிரி ஒன்றை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி, மூன்று மாதக் கூட்டங்களில் மேசைமேல் வையுங்கள். கையில் எடுத்துத் திருப்பித் தையலைப் பார்ப்பவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டிவிட்டு நகர்பவர்கள் வர மாட்டார்கள்; திருப்பிப் பார்ப்பவர்கள்தான் வருவார்கள்.

கைத்தையலை மறந்துவிடாதீர்கள். வெட்டிய துணி வடிவத்தை வேறொரு துணிமேல் வைத்து, ஊசி முனையால் விளிம்பை உள்மடித்துத் தைக்கும் அப்ளிக்கே, காகித அச்சின்மேல் துணியைச் சுற்றி அறுகோணங்களைக் கோக்கும் முறை, சாஷிகோ எனப்படும் ஜப்பானிய நேர்த்தையல் ஆகியவற்றுக்கு எந்திரம் வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை, ஒரு மேசைக்கு நான்கு பேர் உட்காரலாம். எங்கள் குழுவில் இடம் இல்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பிய பட்டறைகள் இரண்டுமே கைத்தையல் பட்டறைகள்தாம்.

அடிப்படைப் பட்டறை என்றால் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. ஒருமுறை நட்சத்திர வடிவப் பட்டறை நடந்தது. மதியத்துக்குள் பாதிப் பேருடைய நட்சத்திர முனைகள் அடுத்த துணியின் தையலுக்குள் மறைந்துவிட்டன. ஆசிரியர் வேலையை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டச் சொன்னார். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு மூன்றையும் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்தால் நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். எங்களில் நான்கு பேருக்கு மட்டுமே அப்படி இருந்தது. இருபது ஆண்டுகளாகத் தைப்பவர் ஒருவருக்குக் கூட இல்லை. தையலுக்கு விடும் துணி ஒவ்வொரு பக்கத்திலும் வீசம் அங்குலம், அதாவது 1/16 அங்குலம், கூடினால் ஒரு தையலில் 1/8 அங்குலம் போகிறது. எட்டுத் தையல் உள்ள வரிசையில் ஓர் அங்குலமே காணாமல் போகிறது. இந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டது அன்றைக்குப் பிறகுதான்.

செலவைப் பற்றி: பேச்சு எல்லோருக்கும் பொது, ஆகவே அது சந்தாவிலிருந்து. பட்டறைச் செலவு பங்கேற்பவர்களிடமிருந்து. ஆனால் 12 பேர் வருவார்கள் என்று நம்பி 12 ஆல் வகுக்கக் கூடாது. உறுதியாக வரக்கூடியவர்கள் எட்டுப் பேர் என்றால் எட்டால் வகுத்துக் கட்டணத்தை வையுங்கள். முன்பணம் கட்டியவரின் பெயரை மட்டும் பட்டியலில் சேருங்கள். முதல் மாதம் உங்கள் உறுப்பினர்களுக்கு. அதன்பின் மீதமுள்ள இடங்களை அண்டைக் குழுக்களுக்குத் திறந்துவிடுங்கள். முடிந்தால் ஆசிரியரையே அண்டைக் குழுவோடு சேர்ந்து அழையுங்கள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு மூன்று குழுக்கள் அவரை வரவழைத்தால் பயணச் செலவு பங்காகிவிடும். அவருக்கும் ஒரு பயணத்தில் மூன்று நாள் வேலை கிடைக்கும். பெயர் பெற்ற ஆசிரியர்களின் நாட்கள் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு முன்பே நிரம்பிவிடுகின்றன என்பதால், இதை இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

ஊசித்துளை எழுதியது:

பட்டறைக்குப் பதிவு செய்யாத உறுப்பினர்களின் சார்பாக ஒரு சொல். எங்கள் குழுவில் சென்ற பட்டறைக்கு வேண்டிய பொருட்களின் பட்டியல் நான்கு நாட்களுக்கு முன்புதான் வந்தது. அதில் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை 14 துணிகள், நான் கேள்விப்பட்டிராத அளவில் ஓர் அளவுகோல், ஒரு தனிப் பாதம் எல்லாம் இருந்தன. அளவுகோல் அன்று பத்து நிமிடம் மட்டுமே பயன்பட்டது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். வெட்டிய துணிகளை ஆசிரியரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து, அதற்குத் தனிக் கட்டணம் வைத்தால் நான் மகிழ்ந்து கொடுப்பேன். அரைநாள் பட்டறை என்றால் இன்னும் நல்லது. முழுநாள் வெளியே இருக்க முடிகிற நிலையில் எல்லோரும் இல்லை.

வெட்டுப்பலகை எழுதியது:

நான் மேசையின் மறுபக்கத்தில் நிற்பவள். சில ஆண்டுகளாகக் குழுக்களுக்குச் சென்று கற்பிக்கிறேன். ஊசித்துளை அவர்கள் சொன்ன குறை நியாயமானது. ஆயினும் அந்தப் பட்டியலை ஆசிரியர் இரண்டு மாதங்களுக்கு முன்பே அனுப்பி, அது பொறுப்பாளரின் மின்னஞ்சலிலேயே உறங்கிக்கிடந்ததும் உண்டு. எனக்கு இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. பட்டியல் பதிவுப் படிவத்தோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். எது கட்டாயம், எது இருந்தால் நல்லது, எதை இருவர் பகிர்ந்துகொள்ளலாம் என்று பிரித்து எழுதித் தரும்படி ஆசிரியரைக் கேளுங்கள். எந்திரத்துக்கு என்ன வசதி தேவை என்பதையும், எந்த வேலை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். தொடக்கநிலை, இடைநிலை என்ற சொற்களை நம்பாதீர்கள். அவற்றுக்கு ஆளுக்கொரு பொருள். பாபின் நூல் சுற்றி எந்திரத்தில் கோக்கவும், பாதத்தை மாற்றவும், கால் அங்குலத்தில் நேராகத் தைக்கவும் தெரிந்தவர்கள் என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. நூல்கண்டு அம்மாவின் பட்டறையில் இருவருடைய எந்திரங்கள் ஒத்துவராமல் போனது பங்கேற்றவர்களின் குறையன்று, எழுதாததன் குறை. சொல்லப்போனால், பற்களை இறக்க முடியாத எந்திரத்திலும் பற்களை மறைக்கும் தகடு ஒன்றைப் பொருத்தியோ, தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வைத்தோ ஓரளவு தைக்கலாம்; முன்பே தெரிந்திருந்தால் அந்த ஆசிரியர் வழி சொல்லியிருப்பார்.

அடுத்து, அறை. விருந்தினரை வரவேற்பதில் குறை வைக்காத குழுக்கள் கூட மின்சாரத்தை நினைப்பதில்லை. வீட்டுத் தையல் எந்திரம் ஏறத்தாழ 100 வாட் அளவில்தான் இழுக்கும். அவை பத்து ஒன்றாக ஓடினாலும் இடர் இல்லை. இஸ்திரிப் பெட்டி ஒன்றே 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். மூன்றை ஒரே இணைப்பில் செருகினால் மின்சாரம் அறுந்து, எல்லா எந்திரங்களும் பாதித் தையலில் நிற்கும். ஐந்து பேருக்கு ஓர் இஸ்திரிப் பலகை வீதம் வைத்து, அவை வெவ்வேறு மின்சுற்றுகளில் இருக்கின்றனவா என்று முந்தைய நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள். வயர்கள் நடக்கும் வழியில் கிடந்தால் ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். வெட்டும் மேசைகளைக் கட்டைகள் வைத்து இடுப்பளவுக்கு உயர்த்தினால் முதுகு பிழைக்கும். துணி வெட்டும் சக்கரக் கத்தியான ரோட்டரி கட்டர் 1979இல் ஓல்ஃபா நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தபின் எங்கள் வேலை எவ்வளவோ விரைவாகிவிட்டது. ஆனால் அதன் கத்தி திறந்தபடி கிடக்கும் மேசைதான் நான் பட்டறைகளில் மிகவும் அஞ்சுவது. வெட்டி முடித்ததும் மூட வேண்டும் என்பதைப் பொறுப்பாளரும் ஒருமுறை சொன்னால், ஆசிரியர் ஒருவரே அதட்டிக்கொண்டிருக்க நேராது.

எழுத்தில் இருக்க வேண்டியவை: பேச்சுக்கும் பட்டறைக்கும் தனித்தனியே தொகை, பயணம், தங்குமிடம் யார் பொறுப்பு, குறைந்த அளவும் கூடிய அளவும் எத்தனை பேர், பதிவு குறைந்தால் எந்த நாளுக்குள் இரு தரப்பும் இழப்பின்றி விலகலாம், அந்த நாளுக்குப் பின் குழு விலகினால் எவ்வளவு, ஆசிரியருக்கு உடல்நலம் குன்றினால் என்ன செய்வது, தொகை எப்போது கைக்கு வரும். இந்தக் கடைசியைக் கேட்க எங்களில் பலர் கூசுகிறோம். பட்டறை முடிந்த அன்றே கொடுத்துவிடும் குழுவுக்கு நான் அடுத்த முறை நாள் இல்லை என்று சொன்னதே இல்லை.

என் கையேடுகளை நகலெடுத்து வராதவர்களுக்குக் கொடுப்பது வேண்டாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வடிவத்தாள் ஆசிரியரின் பிழைப்பு. காகித அச்சின்மேல் நேரடியாகத் தைக்கும் முறையில் விரிப்பின் ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும், ஒரு தாள் கிழிபடும் என்பதால், வாங்கியவர் தம் தேவைக்கு நகலெடுக்கப் பொதுவாக இசைவு உண்டு; தோழிக்காக எடுப்பது வேறு. இணையவழிப் பட்டறையாக இருந்தால் பதிவு செய்யலாமா, எத்தனை நாள் பார்க்கலாம் என்று கேட்டுவிடுங்கள். கைத்தையலுக்கு இணையவழி பெரிதும் பொருந்துகிறது. கேமராவை மேலிருந்து கைக்கு நேராக வைத்தால், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பதைவிட ஊசி நன்றாகத் தெரிகிறது. எந்திரத்தையலுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். நூலின் இறுக்கம் சரியில்லை என்றால் நான் துணியைத் திருப்பித் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பழந்துணி எழுதியது:

எல்லோரும் பட்டறையைப் பற்றியே பேசுவதால் பேச்சைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். பேச்சு என்றால் தம் விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவது மட்டும் அன்று. வரலாறு பேசுபவர்களையும் ஆண்டுக்கு ஒருவராவது அழையுங்கள். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் அமெரிக்க குயில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தியது எதை மாற்றியது, அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தேய்ந்துபோன வேலையுடைகளைக் கொண்டு தைத்தவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது என்ன நிகழ்ந்தது என்பனவற்றைக் கேட்டபின், எங்கள் குழுவில் சிலர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார்கள். கால் அங்குலம் ஐயா பொறுத்தருள்க.

ஆனால் வரலாற்றுப் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய உரைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு, வேலியில் உலர்த்திய குயில்ட்களின் வடிவங்கள் வழிகாட்டும் இரகசியக் குறிகளாக இருந்தன என்ற கதை குழுக்களில் மிகவும் விரும்பிக் கேட்கப்படுகிறது. அக்காலத்து ஆவணங்களிலோ தப்பி வந்தவர்கள் தந்த வாக்குமூலங்களிலோ அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று குயில்ட் வரலாற்றாய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குறிகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் இரட்டைத் திருமண மோதிர வடிவம் பரவலானதே 1920களுக்குப் பிறகுதான். எங்களிடம் வந்த ஒருவர் இதை உண்மை வரலாறாகவே சொல்லிவிட்டுப் போனார், கேட்டவர்கள் கண்கலங்கினார்கள், அடுத்த கூட்டத்தில் அது அப்படி இல்லை என்று சொல்லிப் பழி சுமந்தவள் நான்.

பழைய குயில்ட்களைக் கொண்டுவருபவர் என்றால் தூக்கிப் பிடிக்க இருவரை முன்பே அமர்த்துங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு தொட வேண்டும். கொக்கியிலோ கவ்வியிலோ தொங்கவிட்டால் முழு எடையும் இரண்டே இடத்தில் விழுந்து நூலிழைகள் அறும். வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரப்புவதே பாதுகாப்பானது. அருங்காட்சியகங்கள் பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் படாமல் காக்கின்றன; நாம் சன்னலோரத்தில் போட்டுவிட்டுப் படம் எடுக்கிறோம்.

நூல்கண்டு எழுதியது:

மிக்க நன்றி. இவற்றை அச்செடுத்துப் பொருளாளரிடம் கொடுத்தேன். எட்டால் வகுக்கும் கணக்கைப் பார்த்தபின் ஒரு முயற்சிக்கு இசைந்திருக்கிறார். கூட்டத்துக்கு முன்னால் உள்ள அரைநாளில், எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரைக் கொண்டே அந்த மூன்று பட்டைச் சோதனையை முதலில் நடத்தப்போகிறோம். அதன்பின் ஒரு கைத்தையல் பட்டறை. துணிப்பொட்டலத்தோடு வருமாறு ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அண்டைக் குழு ஒன்று பயணச் செலவில் பாதியை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறது.

ஓர் ஐயம் மட்டும் மீதியிருக்கிறது. சென்ற முறை வந்த ஆறு பேரும் ஃப்ரீ மோஷனை விடுவதாக இல்லை. மறுபடியும் அவரையே அழைக்கச் சொல்கிறார்கள். ஆறு பேருக்காக அழைக்க இயலுமா?

கால் அங்குலம் எழுதியது:

அழைக்க வேண்டாம், அந்த ஆறு பேரையும் மாதம் ஒரு முறை ஒரே மேசையில் கூடச் சொல்லுங்கள். ஓரடிச் சதுரமாக வெட்டிய இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சடுக்கை வைத்து, ஆளுக்கு நான்கு தைத்துக்கொண்டு வரட்டும். தேதியை மூலையில் எழுதிவைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே ஆசிரியரை அழைக்கும்போது அந்தச் சதுரங்களை அவர்முன் பரப்பினால், நூல் கோக்கும் விதத்திலிருந்து தொடங்காமல் அவரவருக்கு எங்கே இடறுகிறதோ அங்கிருந்து அவர் தொடங்குவார். மேசைமேல் கிடப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், உங்கள் பொருளாளர் கேட்கும் எட்டும் ஆகிவிடும்.

மூத்த உறுப்பினர் நடத்தும் அரைநாளுக்கும் அவருக்கு ஏதேனும் தொகை கொடுங்கள், நம்மவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். பழந்துணி அம்மாவுக்கு: அளவுகோலைக் கீழே வைத்தவர்களின் விரிப்புகளை நானும் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கின்றன.